தபால்: ஓடுகிறது

ஆய்வகத்தின் கதவுக்கு மேலே ஒரு திரை மாட்டியிருந்தது. அதில் ஏழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல். பதிவு: ஓடுகிறது. லேபிள்: ஓடுகிறது. கிடங்கு: ஓடுகிறது. இப்படியே கடைசி வரியான தபால் வரைக்கும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. ரத்தக் குழாய்களைத் தட்டில் ஏந்தி வருகிறவர்கள் தலையை நிமிர்த்தி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தத் திரை இல்லை. ஆய்வக சர்வரில் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்களில் எது நின்றாலும் கீழ்த்தளத்துக் கணினி அறைக்குப் போன் வரும். அங்கே வேலை பார்த்த பெண் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கட்டளைகளைத் தட்டி, எது விழுந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுப்புவாள். சலித்துப்போய் அந்தக் கட்டளைகளை எல்லாம் ஒரே கோப்பில் எழுதி ஒரு ஸ்க்ரிப்ட் ஆக்கினாள். 'எழுப்பு' என்றால் எழுப்பும், 'நிறுத்து' என்றால் நிறுத்தும், 'நிலை' என்றால் ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று சொல்லும். முதலில் அது நிறையவே சொன்னது. எந்த எண்ணில் ஓடுகிறது, எப்போதிலிருந்து ஓடுகிறது, எவ்வளவு நினைவகம் தின்கிறது எல்லாம் வந்தது. ஆய்வகத்தார் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டே இதற்குத் தேவலை, ஓடுதா ஓடலையா அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அவள் ஒரே சொல்லாகக் குறைத்து, கதவுக்கு மேல் திரையில் ஓடவிட்டாள். அன்றிலிருந்து மருத்துவமனை முழுவதும் அவளுக்கு ஸ்டேட்டஸ் அக்கா என்று பெயர்.

அந்த ஒற்றைச் சொல் இப்போது அவளுடைய நாத்தனாருக்கு எதிரான சாட்சியாக மாறியிருந்தது.

நாத்தனார் அதே ஆய்வகத்தில் டெக்னீஷியன். கணவரின் தங்கை, அதே வீட்டில் மாடியறையில் இருப்பவள். ரத்த முடிவுகளைச் சரிபார்த்து உறுதி செய்யும் உரிமை ஆய்வகத்தில் ஐந்து பேருக்குத்தான் உண்டு. அதைக் கையெழுத்து உரிமை என்பார்கள். அது இல்லாதவர் குழாய்களில் லேபிள் ஒட்டலாம், சுழற்றும் இயந்திரத்தில் போடலாம், முடிவைத் தொட முடியாது. ஆறு வருடம் படித்தும் தேர்வெழுதியும் அவள் வாங்கிய உரிமை அது. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு கூடி, அதைப் பறிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருந்தது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் கையெழுத்து உரிமையோடு இருந்தவள் நாத்தனார் ஒருத்தி மட்டும். முடிவைப் பார்த்து அவள் 'உறுதி' பொத்தானை அழுத்தினால், அந்த முடிவு ஒரு கோப்பாகி ஒரு பெட்டியில் போய் விழும். ஏழாவது சர்வீஸான தபால் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குத்தி, மருத்துவமனைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்யும். வார்டில் இருப்பவர்களின் கணினியில் அப்புறம்தான் முடிவு தெரியும். அன்று காலை ஷிஃப்டின் நாற்பத்தொரு முடிவுகளும் பதிவேட்டில் பத்து ஐம்பத்திரண்டுக்கு, பதினொரு நொடிக்குள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று, ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்ற சோதனை. அந்த ரத்தத்துக்கு உரியவர் காலை எட்டரையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில், வெறும் வயிற்றோடு, தள்ளுவண்டியில் படுத்திருந்தார். வாய்வழியாகச் சொல்லும் எண்ணைத் தியேட்டர் ஏற்காது. அங்கே அது கறாரான விதி. சர்ஜன் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அவரை மறுநாளைக்குத் தள்ளினார். தள்ளிய கையோடு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார்.

ஆய்வகத் தலைமை டாக்டரம்மா திரையின் பழைய பதிவை எடுத்துப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் இருந்ததெல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்திருக்கும். காலை முழுவதும் தபால் பச்சைதான். ஆக, இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. முடிவுகளைப் பார்க்காமல் தேக்கி வைத்துவிட்டு, கடைசியில் 'அனைத்தும் உறுதி' என்று ஒரே தட்டாகத் தட்டியிருக்கிறாள். ஆய்வகங்களில் இது தெரிந்த கெட்ட பழக்கம். போதாததற்கு, மூன்று மாதத்துக்கு முன்பு இதே காரியத்துக்காக நாத்தனார் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டில் பேச்சு அதைச் சுற்றியே வந்தது. தான் ஒவ்வொன்றாகத்தான் அழுத்தியதாகவும், ஒன்பது ஐம்பதுக்குத் தியேட்டரிலிருந்து கேட்டபோது திரையைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாம் பச்சை, உங்கள் கணினியைப் பாருங்கள் என்று சொன்னதாகவும், இரண்டாவது முறை கேட்ட பிறகு கணினி அறைக்குப் போன் செய்ததாகவும் நாத்தனார் நூறாவது தடவையாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஸ்டேட்டஸ் அக்கா மாமியாரைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தாள். வேலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

"அவ பொய் சொல்ல மாட்டா," என்றார் கணவர்.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? ஸ்க்ரிப்ட் வேற மாதிரி சொல்லுது, அவ்வளவுதான்."

"அப்போ வீட்டு ஆளைவிட உங்க ஸ்க்ரிப்ட் ஒசத்தி," என்றாள் நாத்தனார். "அதுக்கும் ஒரு தட்டு வைங்க அண்ணி, பக்கத்துல உக்காந்து சாப்பிடட்டும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்த கணவர் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் எழுந்து போனார். நாத்தனார் பொய் சொல்கிறாள் என்று ஸ்டேட்டஸ் அக்கா நம்பவில்லை. தன் ஸ்க்ரிப்ட் பொய் சொல்கிறது என்றும் அவளால் நம்ப முடியவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க எப்படி முடியும் என்ற கேள்வி மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கணினி அறைக்குப் போய்விட்டாள். முதலில் தபாலின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலி. திங்கட்கிழமைக் கோப்பில் ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அது எத்தனை மணிக்குப் பெட்டியில் விழுந்தது என்று தெரிந்திருக்கும். தபால் தன் வேலையைச் சுத்தமாகச் செய்து, பையை உதறிவிட்டுப் போயிருந்தது.

பிறகு திரையின் பழைய பதிவை வரி வரியாகப் படித்தாள். தலைமை டாக்டரம்மா தபால் வரியை மட்டும் பார்த்திருந்தார். அவள் ஏழு வரிகளையும் பார்த்தாள். பத்து ஐம்பது வரை எல்லாம் பச்சை. பத்து ஐம்பத்தைந்தில் தபால் பச்சை, ஆனால் அதற்கு மேலே உள்ள வரி சிவப்பு. அது ஃபிரிட்ஜ். சோதனை மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் சர்வீஸ். ஆய்வகம் கேட்டதால் போன மாதம்தான் புதிதாகச் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை அது நின்றதும், செவ்வாய்க்கிழமை காலை மறுபடி எழுப்பப்பட்டதும் அவளுக்குத் தெரியும். தனிப்பட்ட சின்னக் கோளாறு என்று விட்டிருந்தாள். ஃபிரிட்ஜின் கணக்கில் கடைசி வெப்பநிலை எத்தனை மணிக்கு என்று இப்போது தேடினாள்.

பத்து ஐம்பத்தொன்று.

நாற்பத்தொரு முடிவுகள் வந்து சேர்ந்ததற்கு ஒரு நிமிடம் முன்பு. ரத்த முடிவுகளுக்கும் குளிர்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். யோசனை ஓட வேண்டுமானால் அவள் நிற்க வேண்டும்.

பக்கத்து மேஜையில் கையேடு உட்கார்ந்திருந்தார். எதைச் செய்தாலும் புத்தகத்தில் உள்ளபடி செய்து, செய்ததை நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பெயரைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்பவர். திங்கட்கிழமை நாத்தனாரின் போனை எடுத்தவர் அவர்தான்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க என்ன போட்டீங்க? ஒரு எழுத்து விடாம சொல்லுங்க."

கையேடு நோட்டைப் புரட்டினார். "பத்து ஐம்பதுக்குப் போன். நிலை பார்த்தேன், எல்லாம் ஓடுதுன்னு வந்துச்சு. ஐம்பத்திரண்டுக்குத் தபாலை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். ஒரே வரி. ஸ்க்ரிப்ட் உன்னோடது, தட்டின விரல் மட்டும் என்னோடது."

"ஃபிரிட்ஜைத் தொட்டீங்களா?"

"ஃபிரிட்ஜுக்கும் எனக்கும் சாப்பாட்டு நேரத்துலதான் பழக்கம்."

தொடவில்லை. தபாலை நிறுத்தச் சொன்னால் ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது. அவள் மறுபடியும் பதிவுக் கோப்புக்குத் திரும்பினாள். இந்த முறை, என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்ன இல்லை என்று பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டிய வரிசையில் எட்டு முப்பத்தைந்து இருந்தது, எட்டு நாற்பத்தைந்து இருந்தது. எட்டு நாற்பது இல்லை.

எலக்ட்ரீஷியனின் அறை பின்வாசலில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை மின்சாரம் போனதா என்று கேட்டதும், என் காலத்தில் மின்சாரம் போவதாவது என்கிற முகத்தோடு அவர் மறுத்தார். ஜெனரேட்டர் சோதனை ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். அது நடந்தது என்றார். அப்போது ஒரு நொடியாவது போயிருக்குமே என்றாள்.

"ஒரு சிமிட்டு. அதைப் போச்சுன்னு சொல்லுவாங்களா? நீ கண்ணைச் சிமிட்டினா குருடுன்னா சொல்லுறோம்?"

"எத்தனை மணிக்கு அண்ணே?"

"எட்டரை தாண்டி இருக்கும். அதுக்குத்தான் உங்க சர்வருக்குக் கீழ பேட்டரி வைச்சிருக்கே. அது செத்துப் போச்சுன்னா நீதான் சொல்லணும், நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?"

பேட்டரி செத்துத்தான் போயிருந்தது. திங்கட்கிழமை எட்டு நாற்பதுக்கு சர்வர் பட்டென்று அணைந்து, இரண்டு நிமிடத்தில் தானாக எழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. எட்டு நாற்பத்தைந்துக்கு ஏழு வரிகளும் பச்சை என்று திரை சொன்னால் யார் கவனிப்பார்கள்?

சர்வர் எழும்போது ஸ்க்ரிப்ட் தானாக ஓடி எல்லா சர்வீஸையும் எழுப்பும், செய்ததை எல்லாம் இன்னொரு கோப்பில் எழுதும். நான்கு வருடத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தாள். பதிவு: எழுப்பப்பட்டது. லேபிள்: எழுப்பப்பட்டது. கிடங்கு, இரண்டு இயந்திரங்கள், ஃபிரிட்ஜ், எல்லாம் எழுப்பப்பட்டன. கடைசி வரிக்கு வந்ததும் அவள் விரல் திரையில் அப்படியே நின்றது.

தபால்: ஏற்கனவே ஓடுகிறது (1184).

ஏற்கனவே. சர்வர் கண் விழித்து அரை நிமிடம் ஆகவில்லை. இன்னும் யாருமே எழுப்பாத ஒன்று எப்படி ஏற்கனவே ஓடும்?

அந்த எண் அவளுக்குத் தெரியும், அதாவது அது எப்படிப்பட்ட எண் என்று தெரியும். சர்வரில் எழுகிற ஒவ்வொன்றுக்கும், வங்கியில் டோக்கன் கொடுப்பது போல, வருகிற வரிசையில் ஒரு எண் கிடைக்கும். அணைந்து எழுந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்க்ரிப்ட் ஒரு சர்வீஸை எழுப்பும்போது அதன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். முறையாக நிறுத்தினால் சீட்டைக் கிழித்துப் போடும். நிலை கேட்டால் சீட்டைப் பார்த்து, இந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று சர்வரிடம் கேட்கும். இருந்தால், ஓடுகிறது. இருப்பது யார் என்று அது கேட்டதில்லை. கேட்கும்படி அவள் எழுதவில்லை.

மின்சாரம் பட்டென்று போனால் சீட்டைக் கிழிக்க நேரமில்லை. பழைய சீட்டு அப்படியே கிடக்கும்.

ஃபிரிட்ஜ் சர்வீஸ் எழும்போதெல்லாம் தன் கணக்கின் தலைப்பில் தேதியையும் தன் எண்ணையும் எழுதும். அவள் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பில் இருந்த எண் 1184.

இரண்டு கோப்புகளையும் அச்செடுத்து, மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். கையேடும் எழுந்து வந்து பார்த்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்து இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வகுப்புல ஒருத்தன் வரலைன்னா இன்னொருத்தன் உள்ளேன் ஐயான்னு சொல்லுவானே," என்றார் கையேடு. "அந்தக் கதையால்ல இருக்கு."

அதேதான். போன தடவை சர்வர் எழுந்தபோது வரிசையில் ஆறாவதாக நின்ற தபாலுக்கு 1184 கிடைத்தது. போன மாதம் அவள் தபாலுக்கு முன்னால் ஃபிரிட்ஜை நுழைத்துவிட்டாள். திங்கட்கிழமை எல்லோரும் புதிதாக வரிசையில் நின்றபோது அந்த டோக்கன் ஃபிரிட்ஜின் கைக்குப் போனது. தபாலின் முறை வந்ததும் ஸ்க்ரிப்ட் பழைய சீட்டைப் பார்த்தது, 1184 இருக்கிறாரா என்று கேட்டது, இருக்கிறார் என்று பதில் வந்தது, சரி, எழுப்ப வேண்டியதில்லை என்று போய்விட்டது. இரண்டு மணி நேரம் தபால் என்று ஒன்று இல்லவே இல்லை. நாத்தனார் ஒவ்வொன்றாக அழுத்திய முடிவுகள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. கையேடு தபாலை நிறுத்தச் சொன்னபோது ஸ்க்ரிப்ட் போய் நிறுத்தியது, ஒரு பாவமும் அறியாத ஃபிரிட்ஜை. பிறகு சீட்டைக் கிழித்துவிட்டு உண்மையான தபாலை எழுப்பியது. அது வந்து பெட்டியைத் திறந்து நாற்பத்தொன்றையும் பதினொரு நொடியில் அள்ளிச் சேர்த்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவம் தன்னுடையது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அது ஒரு புதிராக மட்டுமே இருந்தது.

மூன்று மணிக்குக் குழு கூடியது. தலைமை டாக்டரம்மா, புகார் எழுதிய சர்ஜன், நிர்வாக அலுவலர். எதிரே நாத்தனார், துவைத்துத் தேய்த்த வெள்ளைக் கோட்டில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஸ்டேட்டஸ் அக்கா உள்ளே வந்து தனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றதும் நிர்வாக அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். வந்திருப்பவர் சம்பந்தப்பட்டவரின் அண்ணி என்பதையும், உறவுக்காரரின் சாட்சிக்கு என்ன மதிப்பு என்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். தான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்றாள் அவள். தட்டப் போவதும் தானில்லை, கையேடுதான்.

பரிசோதனைக்கென்று வைத்திருந்த பழைய சர்வரை அவர்கள் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கையேடு நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினார். தபாலை நிறுத்தினார். நிலை கேட்டார். தபால் சிவப்பில் வந்தது. பிறகு ஃபிரிட்ஜின் எண்ணைப் பார்த்து, தபாலின் சீட்டில் அதை எழுதினார். மறுபடி நிலை கேட்டார்.

தபால்: ஓடுகிறது. பச்சை.

சர்ஜன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். ஒரு முடிவை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அனுப்பினார்கள். அது பெட்டியில் போய் விழுந்து அங்கேயே கிடந்தது. இன்னொன்று. அதுவும். புகாரை மறந்துபோனவர் போல அவர் மேலும் நான்கு தடவை அனுப்பச் சொல்லி, நான்கும் கிடக்கிறதா என்று பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தபாலை நிறுத்தி மறுபடி எழுப்பச் சொன்னார். கையேடு நிறுத்தி எழுப்பினார். ஆறு முடிவுகளும் ஒரே நொடியில், ஒரே நேரம் குத்தப்பட்டுப் பதிவேட்டில் போய் உட்கார்ந்தன. ஃபிரிட்ஜ் வரி சிவப்பானது.

அவள் இரண்டு அச்சுத் தாள்களையும் மேஜையில் வைத்தாள். தலைமை டாக்டரம்மா அவற்றை நெடுநேரம் படித்தார்.

"எத்தனை வருஷமா இந்த ஸ்க்ரிப்ட் இப்படி இருக்கு?"

"நாலு வருஷமா, மேடம்."

"இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?"

"தெரியாது. நடந்திருந்தாலும் அது பச்சைன்னுதான் காட்டியிருக்கும்."

நிர்வாக அலுவலர் எதையோ எழுதிக்கொண்டார். தவறு யாருடையது என்று நாளைக்குள் எழுத்தில் வேண்டும் என்றார். என்னுடையது, இப்போதே எழுதித் தருகிறேன் என்றாள். அவளுடைய வருடாந்தரப் பணிக் குறிப்பில் அது ஏறும் என்பதையும் அவர் சொல்லிவைத்தார்.

சர்ஜன் நாத்தனாரைப் பார்த்தார். இறங்கி வருகிற தொனியில், அப்படியானால் மூன்று மாதத்துக்கு முந்தைய எச்சரிக்கையும் இதே கூத்தாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கடிதத்தையும் சேர்த்தே எடுத்துவிடலாமே என்றார். தலைமை டாக்டரம்மாவும் தலையசைத்தார். அறையில் எல்லோரும் ஒரு நல்ல முடிவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அன்று ஃபிரிட்ஜ் சர்வீஸே கிடையாது, ஆனால் வேறு எதன் எண்ணாவது மாறியிருக்கலாம், இல்லை என்று ஸ்டேட்டஸ் அக்காவால் சொல்ல முடியாது.

"இல்ல சார்," என்றாள் நாத்தனார். "அது நான்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எல்லாத்தையும் சேர்த்து அழுத்திட்டேன். கடுதாசி வாங்கினதுக்கப்புறம் ஒரு நாளும் அப்படிச் செய்யலை."

பிறகு தலைமை டாக்டரம்மா தாள்களை அடுக்கி, முதல் கடிதம் இருக்கட்டும், இரண்டாவதற்கு அவசியமில்லை என்றார். கையெழுத்து உரிமை அப்படியே இருக்கும். ஆய்வகத்தில் இரண்டு மணியிலிருந்து குழாய்கள் குவிந்து கிடக்கின்றன, உடனே போய் உட்காரலாம். கடைசியாக ஸ்டேட்டஸ் அக்காவின் பக்கம் திரும்பி, அந்தத் திரையை அணைத்துவிடச் சொன்னார். சரியாகும்வரை அது ஒன்றும் சொல்ல வேண்டாம்.

"அதுவரைக்கும் முடிவு வந்துச்சா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சர்ஜன்.

ஸ்டேட்டஸ் அக்கா யோசித்தாள். "நான் உங்க தியேட்டர் மேஜையில உக்காந்து பார்த்துச் சொல்றேன் சார்."

நடைவழியில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். நாத்தனார் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தாள். நன்றி என்ற சொல் வரும் என்று ஸ்டேட்டஸ் அக்கா எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்பாங்க," என்றாள் நாத்தனார். "நீங்க அச்செடுத்து வேற கொடுத்துக் கெட்டீங்க."

"நீ மட்டும் என்னவாம்? சும்மா இருந்தா அந்தக் கடுதாசியும் போயிருக்கும்."

"போயிருக்கும். அப்புறம் உங்க ஸ்க்ரிப்ட் மேல செய்யாத தப்புக்கும் பழி விழுந்திருக்கும். அதுக்குத்தான் ஏற்கனவே நிறைய இருக்கே."

படிக்கட்டில் பிரிந்தார்கள். ஒருத்தி மேலே ஆய்வகத்துக்கு, ஒருத்தி தியேட்டருக்கு.

தியேட்டர் வாசலில் நர்ஸுக்குரிய மேஜையில் ஒரு கணினியும் ஒரு போனும் இருந்தன. ஸ்டேட்டஸ் அக்கா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான்கு மணிக்குப் போன் அடித்தது. அறுபத்திரண்டு, என்றாள் நாத்தனார். அன்றைய ரத்தக் குழாய்களின் வரிசை எண் அது. அவள் பதிவேட்டைப் புதுப்பித்துப் பார்த்து, வந்துவிட்டது என்றாள். அறுபத்து மூன்று. வந்தது. அறுபத்து நான்கு. சற்றுப் பொறுத்து, வந்தது. நர்ஸ் இருவரையும் கேட்டுக்கொண்டே பஞ்சு மடித்தாள். சர்வரில் எது ஓடுகிறது, எது எந்த எண்ணில் இருக்கிறது என்று ஸ்டேட்டஸ் அக்கா அங்கிருந்து பார்க்க வழியில்லை. அனுப்பியது வந்து சேர்ந்ததா என்பது மட்டும் தெரிந்தது. எழுபதைத் தாண்டும்போது அவள் நர்ஸிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது அனுப்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினாள். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் நான்கு நொடி, சில சமயம் ஒன்பது. நான்கு ஆண்டுகளில் இந்தக் கணக்கை அவள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. திரையில் வரவேண்டிய வரி இதுதானோ என்று தோன்றியது. கடைசி முடிவு எப்போது போய்ச் சேர்ந்தது? அதைக் கேட்டால் எந்தச் சீட்டும் நடுவில் வராது.

"எண்பத்து மூணு," என்றது போன்.

"வந்துடுச்சு."

"எண்பத்து நாலு."

புதுப்பித்தாள். இல்லை. பத்து நொடி பொறுத்து மறுபடி புதுப்பித்தாள். பட்டியலில் கடைசியாக எண்பத்து மூன்றுதான் நின்றது. அரை நிமிடம் ஆனது. சீட்டு, பெட்டி, பேட்டரி என்று அவள் மனம் ஒரு சுற்று ஓடி வந்தது. நர்ஸ் பஞ்சு மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வரலை," என்றாள் போனில். "எண்பத்து நாலு வரலை. மறுபடி அனுப்பு."

அந்தப் பக்கம் குழாய்கள் தட்டில் உரசும் சத்தம் கேட்டது.

"நான் இன்னும் அனுப்பவே இல்லை அண்ணி," என்றாள் நாத்தனார். "நீங்களாவது உண்மையைச் சொல்றீங்களான்னு பார்த்தேன். இப்போ அனுப்புறேன், பாருங்க."